பொலிகாளைக்கும் கிடாவுக்கும் தாது உப்பு: வாசகர் கேள்வி – பதில்

கால்நடைப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கறவை மாட்டைப் பற்றியவை. இம்முறை ஆண் கால்நடைகளின் சினைப்பிடிப்புத் திறனுக்கும் தாது உப்புக்கும் உள்ள தொடர்பு பற்றி வந்தவற்றைத் தனியாகப் பிரித்துப் பதில் தந்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் ஐ.எஸ். 1664 என்ற இந்தியத் தரநிலையில் வரும், சமையல் உப்பு சேர்க்காத மாட்டுத் தாது உப்புக் கலவையை வைத்துச் சொன்னவை. அந்தக் கலவை 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) 20 கிராம், பாஸ்பரஸ் 12 கிராம், துத்தநாகம் 0.8 கிராம், தாமிரம் 0.1 கிராம் என்ற கணக்கில் இருக்கும். உங்கள் பையில் வேறு எண் அச்சாகியிருந்தால் அதை வைத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வெள்ளகோவில்): ஐயா, எங்கள் பூச்சிக்காளை (பொலிகாளை) காங்கேயம் இனம், நாலு வயசு. சமீபத்தில் சேர்த்த மாடுகளில் பாதிக்கு மேல் சினை நிற்காமல் திரும்பிவிட்டன. மருந்துக்கடையில் துத்தநாகம், செலினியம் கலந்த பொடி கொடுத்தார்கள். ஏற்கெனவே தினம் 50 கிராம் தாது உப்பும் வைக்கிறோம். பதினைந்து நாள் ஆகியும் மாற்றம் இல்லை. பொடியின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். பதினைந்து நாளில் மாற்றம் தெரியவும் வழியில்லை. காளையின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 61 நாள் பிடிக்கும். பிறகு விதையோடு ஒட்டிய சுருள்குழாயில் தங்கி முதிர இன்னும் 8 முதல் 11 நாள். இன்றைக்குக் காளை விடும் விந்து, எழுபது நாளாக அது தின்ற தீவனத்துக்கும் பட்ட வெயிலுக்கும் கண்ட காய்ச்சலுக்கும் கணக்குச் சொல்வது. ஆகவே எந்த மருந்தைக் கொடுத்தாலும், எந்தத் தீவனத்தை மாற்றினாலும், இரண்டரை மாதம் கழித்துத்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விதை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். கோமாரியிலோ மூன்று நாள் காய்ச்சலிலோ படுத்து எழுந்த காளைக்கு விந்து கெட்டுப்போவது இதனால்தான். விதைக்கு நிரந்தரச் சேதம் இல்லாவிட்டால், யாரும் எதுவும் கொடுக்காமலேயே பெரும்பாலான காளைகள் இரண்டரை மாதத்தில் தேறிவிடும். அந்த இடைவெளியில் எந்த டப்பாவைக் கொடுத்தோமோ, பெயர் அந்த டப்பாவுக்குப் போய்விடுகிறது. உங்கள் காளைக்குக் கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா, வெயிலில் கட்டிக் கிடந்ததா என்று முதலில் நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, குறை காளையிடம்தானா? திரும்பிய மாடுகள் எத்தனை நாளில் திரும்பின என்று மாட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள். எல்லாம் 18 முதல் 24 நாளுக்குள் திரும்பியிருந்தால் பெரும்பாலும் கரு தரிக்கவே இல்லை. காளையின் விந்தைச் சந்தேகிக்கலாம். 30 நாள், 45 நாள் என்று ஒழுங்கில்லாமல் திரும்பியிருந்தால் கரு தங்கிப் பிறகு அழிந்திருக்கிறது. ட்ரைக்கோமோனாஸ், விப்ரியோ போன்ற தொற்றுகள் அப்படித்தான் வேலை செய்யும். காளை பார்க்க நன்றாகவே இருக்கும். ஏறும் மாட்டுக்கெல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே போகும். அப்படிச் சந்தேகம் இருந்தால் சேர்க்கையை அன்றே நிறுத்திவிட்டு, ஆண்குறி உறையைக் கழுவி எடுத்த நீரைக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு மருத்துவர் மூலம் அனுப்புங்கள். விதை ஒருபக்கம் வீங்கிச் சூடாக இருந்தால் புரூசெல்லா என்ற கிருமி நினைவுக்கு வர வேண்டும். அது மனிதருக்கும் ஒட்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அதற்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் போடுவது. காளைக்குப் போடக் கூடாது.

மூன்றாவது, வேலைப்பளு. வளர்ந்த காளைக்கு வாரம் இரண்டு மூன்று சேர்க்கை போதும். பருவ மாடுகள் ஒன்றாக வரும் வாரத்தில் ஒரே நாளில் மூன்று நான்கு மாட்டுக்கு விட்டால் கடைசி மாடுகளுக்குப் போகும் விந்தில் அணுக்களின் எண்ணிக்கை சரிந்திருக்கும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகே தாது உப்புக்கு வர வேண்டும். துத்தநாகம் விந்தணுவின் வால் உருவாகவும், தலையில் இருக்கும் மரபுப்பொருள் கெட்டியாகச் சுருண்டு நிற்கவும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கவும் வேண்டியது. குறைந்தால் விதை சிறுத்துப்போகும். விதைப்பையின் தோலும் கணுக்காலின் தோலும் தடித்து வெடிக்கும். நம் ஊர் நிலங்களில் துத்தநாகக் குறை பரவலாக இருப்பதால் சோளத்தட்டிலும் வைக்கோலிலும் அது குறைவுதான். ஆனால் உங்கள் காளைக்குக் குறை இருக்க வாய்ப்பு உண்டா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் எடை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தெலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். 400 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது நாளைக்குச் சுமார் 9 கிலோ உலர்ந்த தீவனத்துக்குச் சமமானதைத் தின்னும். உலர்தீவனம் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். 9 கிலோவுக்கு 270 மில்லிகிராம். நீங்கள் வைக்கும் 50 கிராம் கலவையில் மட்டும் 400 மில்லிகிராம் இருக்கிறது, தீவனத்தில் இருப்பது தனி. தரமான கலவையை ஒழுங்காகத் தின்றிருந்தால் துத்தநாகக் குறை இருக்க வாய்ப்பில்லை. இருக்கும் தேவைக்கு மேல் போடுவதால் விந்தணு கூடுவதும் இல்லை.

செய்ய வேண்டியவை இவை. இன்றே மருத்துவரிடம் விந்துப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். நேராக முன்னேறி நீந்தும் அணுக்கள் 30 சதத்துக்குக் குறையாமலும், வடிவம் சரியான அணுக்கள் 70 சதத்துக்குக் குறையாமலும் இருந்தால் காளை தேறியது என்று பொருள். குறைந்தால் சேர்க்கையை நிறுத்தி, 70 முதல் 75 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கவும். அந்த இடைவெளியில் தினம் 50 கிராம் கலவை, 30 கிராம் சமையல் உப்பு, நிழல், 10 கிலோவுக்குக் குறையாத பச்சைத்தீவனம். பச்சை ஏனென்றால் வைக்கோலிலும் காய்ந்த தட்டிலும் வைட்டமின் ஏ கிடைக்காது. அது இல்லாமல் விந்தணு உருவாகும் படலமே தேய்ந்துவிடும். கோடை முழுக்க உலர்தீவனத்தில் நின்ற காளைகளில், நம் பார்வையில், துத்தநாகத்தைவிட இதுதான் முதலில் சந்தேகிக்க வேண்டியது.

கேள்வி (ஓமலூர்): தலைச்சேரிக் கிடா, ஒன்றரை வயது, 45 கிலோ. பொலிவுக்காகத் தினம் அரைக்கிலோ தவிடும் 30 கிராம் தாது உப்பும் கொடுத்தோம். நேற்றிலிருந்து முதுகை வளைத்து முக்குகிறது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. மலச்சிக்கல் என்று எண்ணெய் கொடுத்தோம். என்ன செய்ய?

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்கும் நிலை இல்லை என்பதால் இவருக்கு உடனே தகவல் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறோம், ஏனென்றால் நன்றாகக் கவனிக்கப்படும் கிடாக்களுக்குத்தான் இது வருகிறது.

இது கல்லடைப்பு. கிடாவின் சிறுநீர்க்குழாய் நீளமானது, மெல்லியது. நடுவில் எஸ் வடிவ வளைவு ஒன்று. நுனியில் புழு போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழல் ஒன்று. மணல் போன்ற கற்கள் இந்த இரண்டு இடத்திலும் சிக்கும். முக்குவது, வால் துடிப்பது, பல்லை நறநறப்பது, உறை மயிரில் வெள்ளையாக மணல் ஒட்டியிருப்பது ஆகியவை அடையாளம். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்து ஒரு நாளை வீணாக்குவதுதான் எங்கும் நடக்கிறது. முழுதும் அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் மூத்திரப்பையோ குழாயோ வெடிக்கும். வெடித்ததும் முக்கல் நின்று கிடா அமைதியாகும். தேறிவிட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது. வயிறு நீர் கோத்துப் பருத்தால் பிழைப்பது அரிது. அடைப்பு நுனிக்குழலில் இருந்தால் மருத்துவர் அதை வெட்டி எடுத்து வழி விடுவார். அந்தக் குழல் இல்லாமலும் கிடா சினைப்படுத்தும். அடைத்திருக்கும்போது சிறுநீரைப் பெருக்கும் மருந்தைக் கொடுத்தால் வெடிப்பதை விரைவுபடுத்துவதாகிவிடும்.

காரணம் தவிட்டில் இருக்கிறது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 1.5 சதம், சுண்ணாம்புச்சத்து 0.1 சதத்துக்கும் குறைவு. அரைக்கிலோ தவிட்டில் 7.5 கிராம் பாஸ்பரஸ் போகிறது. கிடாவின் மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸைப் போல் இரண்டு பங்கு இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் இது தலைகீழ். மிஞ்சிய பாஸ்பரஸ் சிறுநீரில் இறங்கி, மக்னீசியத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து கல்லாகிறது.

தாது உப்பு இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கலவையில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் 20க்கு 12. நீங்கள் கொடுத்த 30 கிராமில் 6 கிராம் சுண்ணாம்போடு 3.6 கிராம் பாஸ்பரஸும் மக்னீசியமும் சேர்ந்தே உள்ளே போகின்றன. விகிதம் நிமிரவில்லை, கல்லுக்கான சரக்கு கூடியிருக்கிறது. சரி, சுண்ணாம்புத்தூளையாவது சேர்க்கலாமா என்றால், அரைக்கிலோ தவிட்டை ஈடுகட்ட 40 கிராம் வேண்டும். அவ்வளவைக் கிடா தின்னாது; தின்றால் துத்தநாகம் உடம்பில் சேர்வதையும் அது தடுக்கும். தவிட்டைக் குறைப்பதே வழி.

45 கிலோ கிடாவுக்கு அடர்தீவனம் சேர்க்கைக் காலத்தில் 300 முதல் 400 கிராம் போதும். அதில் தவிடு நான்கில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மீதிக்கு உடைத்த மக்காச்சோளமும் கடலைப்பிண்ணாக்கும். அகத்தி, வேலிமசால், சூபாபுல் போன்ற தழைகளில் சுண்ணாம்புச்சத்து நிறைய, பாஸ்பரஸ் குறைவு. அவற்றைத் தினமும் கொடுங்கள். சூபாபுல் மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அதில் உள்ள மைமோசின் என்ற நச்சு உடம்பில் சிதைந்து தைராய்டைக் கெடுக்கும். தைராய்டு மந்தமானால் கிடாவுக்கு ஏறும் ஆசையே குறையும். தாது உப்பு 8 முதல் 10 கிராம். சமையல் உப்பை அடர்தீவனத்தில் 2 சதமாகச் சேர்த்தால் தண்ணீர் நிறையக் குடித்துக் கல் கரைசல் நீர்த்துப்போகும். ஆனால் தொட்டியில் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பே கேடு. ஒருமுறை அடைப்பு வந்து பிழைத்த கிடாவுக்கு, தீவனத் தர அம்மோனியம் குளோரைடை 100 கிலோ அடர்தீவனத்துக்கு 1 கிலோ வீதம் மருத்துவர் சொல்லும் காலம்வரை சேர்க்கலாம்.

இன்னொன்று. கறிக்கு வளர்க்கும் கிடாக்களுக்கு மிக இளம் வயதிலேயே காயடித்தால் சிறுநீர்க்குழாய் விரியாமல் நின்றுவிடும். கல்லடைப்பு அவற்றில் அதிகம் வருவது அதனால்.

கேள்வி (அருப்புக்கோட்டை): மாட்டுக்கு வாங்கும் தாது உப்பையே செம்மறிக் கிடாக்களுக்கும் கொடுக்கிறோம். சிலர் கூடாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அளவைப் பொறுத்து உண்மை. சிக்கல் தாமிரத்தில். மாடும் வெள்ளாடும் மிஞ்சிய தாமிரத்தைப் பித்தநீர் வழியே ஓரளவு வெளியேற்றிவிடும். செம்மறிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. ஈரலில் மாதக்கணக்காகச் சேர்த்து வைக்கும். வெளியே ஒரு குறையும் தெரியாது. பிறகு லாரிப் பயணமோ, மழையோ, தீவனக் குறையோ வந்த ஒரு நாளில் ஈரல் அவ்வளவையும் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டும். ரத்த அணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி ஓரிரு நாளில் செத்துப்போகும். நன்றாகத் தின்று கொழுத்த கிடாதான் இப்படிப் போகும்.

40 கிலோ செம்மறிக் கிடா நாளைக்கு 1.2 கிலோ உலர்தீவனம் தின்னும் என்று கொள்வோம். மாட்டுக்கலவை 10 கிராம் கொடுத்தால் 10 மில்லிகிராம் தாமிரம் போகும். கிலோ தீவனத்துக்கு 8 மில்லிகிராம். தீவனத்திலேயே 7, 8 இருக்கும். இரண்டும் சேர்ந்து, செம்மறி தாங்கும் எல்லையான 15ஐத் தொட்டுவிடும். 5 கிராம் கொடுத்தால் பாதிதான். அதே 5 கிராமில் துத்தநாகம் 40 மில்லிகிராம், அதாவது கிலோ தீவனத்துக்கு 33. ஆஸ்திரேலியாவில் 1969இல் வெளியான ஆய்வு ஒன்றில், இளங்கிடாக்களுக்குக் கிலோ தீவனத்தில் 17 மில்லிகிராம் துத்தநாகம் உடல் வளர்ச்சிக்குப் போதுமாக இருந்தது. விதை வளர்ச்சிக்குப் போதவில்லை. 32 மில்லிகிராம் கொடுத்தபோதுதான் விதையும் விந்தணு உற்பத்தியும் சரியாக இருந்தன. கிடா தளதளவென்று வளர்கிறது, ஆகவே எல்லாச் சத்தும் சரியாக இருக்கிறது என்று எண்ண முடியாது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம். தாமிரம் சேர்க்காத செம்மறிக் கலவை கிடைத்தால் அதுவே மேல். மாட்டுக்கான உருளைத் தீவனத்தையும் மாட்டுக்கலவையையும் சேர்த்துக் கொடுத்தால் தாமிரம் இரண்டு வழியில் வருகிறது. செம்மறிக் கொட்டகையில் அதைச் செய்யாதீர்கள். கிடாவின் விந்தணுச் சுற்று காளையைவிடச் சிறியது: உருவாக 47 முதல் 49 நாள், முதிர இன்னும் 10 முதல் 14 நாள். சேர்க்கைப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே கொடுக்கத் தொடங்குங்கள்.

கேள்வி (பாலக்கோடு): உரக்கடையில் ஜிங்க் சல்பேட் விலை குறைவு. காளைக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா? பயிருக்குப் போடும் பாஸ்பேட் உரமும் அப்படித்தானே?

பதில்: இரண்டும் வேண்டாம். உரத்தர ஜிங்க் சல்பேட்டில் காரீயமும் காட்மியமும் இருக்கலாம். மண்ணுக்கு வைத்த தரம் மாட்டின் வாய்க்கு வைத்ததில்லை. அளவும் தவறும். 21 சதத் துத்தநாகம் உள்ள உப்பில் ஒரு பெரிய ஸ்பூன், சுமார் 15 கிராம் போட்டால், 3 கிராமுக்கு மேல் துத்தநாகம் போகும். 400 கிலோ காளையின் ஒரு நாள் தேவையைப் போல் பத்து மடங்குக்கும் மேல். தொடர்ந்து கொடுத்தால் தாமிரம் உடம்பில் சேராது; மயிர் வெளுத்து, சோகை பிடிக்கும்.

பாஸ்பேட் உரத்தில் ஃபுளோரின் நீக்கப்பட்டிருக்காது. உங்கள் தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். அதற்கு மேல் இதையும் சேர்த்தால் பல் பழுத்துத் தேயும், எலும்பில் முடிச்சு விழும், கால் வலிக்கும். பின்னங்கால் வலிக்கும் காளை, விந்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாட்டின் மேல் ஏறாது. மாட்டுத் தாது உப்பில் ஃபுளோரின் 0.07 சதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தரநிலை வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

கேள்வி (உடுமலை): கறவை மாடுகளுக்குத் தினம் திரவக் கால்சியம் ஊற்றுகிறோம். பொலிகாளைக்கும் 100 மில்லி ஊற்றினால் பலம்தானே?

பதில்: பசுவுக்கு ஒரு லிட்டர் பாலோடு ஏறக்குறைய 1.2 கிராம் சுண்ணாம்புச்சத்து வெளியே போகிறது. காளைக்கு அந்த வாசல் கிடையாது. 400 கிலோ காளைக்கு நாளைக்கு 12 முதல் 15 கிராம் போதும். 50 கிராம் தாது உப்பில் 10 கிராம் வந்துவிடும், மீதி பச்சைத்தீவனத்தில். ஆண்டுக்கணக்கில் கறவைத் தீவனத்தின் அளவுக்குச் சுண்ணாம்பு தின்ற வயதான காளைகளில் முதுகெலும்புக் கண்ணிகளின் ஓரத்தில் எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், கழுத்துச் சுரப்பியில் கட்டி வருவதும் அறியப்பட்டவை. முதுகு விறைத்த காளை ஏறத் தயங்கும். வீட்டுக்காரர் ஆசை குறைந்துவிட்டது என்று இன்னும் சத்து மருந்து ஊற்றுவார். நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (அலங்காநல்லூர்): காளைக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதனால் சினைப்பிடிப்பு குறையும் என்கிறார்களே? தாது உப்பு கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: பருத்திக்கொட்டையில் காசிபோல் என்ற நச்சு இருக்கிறது. அது விந்தணுவின் நடுப்பகுதியில் உள்ள, நீந்தச் சக்தி தரும் உறையைக் குலைக்கும். காளைக்கு உடம்பு இளைக்காது, ஏறும் ஆசையும் குறையாது. விந்து மட்டும் கெடும். பருவம் எய்தும் வயதுக் காளைகளுக்குப் பாதிப்பு கூடுதல். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் மீளும்.

வளர்ந்த பொலிகாளைக்குக் கொட்டை மொத்த உலர்தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். 7 கிலோ தின்னும் நாட்டுக்காளைக்கு அது 700 கிராம். முழுக் கொட்டையாகத் தின்றால் நச்சு மெதுவாக வெளிப்பட்டு, அசைபோடும் வயிற்றிலேயே ஒரு பகுதி கட்டுப்பட்டுவிடும். அரைத்துக் கொடுக்கும்போது விரைவாக வெளிப்படும், ஊறவைப்பதால் நீங்காது. சூட்டில் பிழிந்த பிண்ணாக்கில் கட்டுப்படாத காசிபோல் குறைவு. தாது உப்பு இதற்கு மாற்று ஆகாது. வைட்டமின் ஈ ஓரளவு காக்கும். சேர்க்கைக்கு விடும் காளை என்றால் பருவத்துக்கு மூன்று மாதம் முன்பே கொட்டையை நிறுத்தி, கடலைப்பிண்ணாக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வாடிவாசலுக்கு மட்டும் வளர்க்கும் காளையில் இந்தக் கவலை குறைவு. ஆனால் அதே காளையைத்தான் ஊர் மாடுகளுக்கும் சேர்க்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும்.

கேள்வி (சத்தியமங்கலம்): சேர்க்கைக்கு முன் கிடாக்களுக்குச் செலினியம் – வைட்டமின் ஈ ஊசி போட்டால் குட்டி கூடுமா?

பதில்: குறை இருந்தால் பலன் உண்டு. செலினியம் அடங்கிய நொதி ஒன்று விந்தணுவின் வாலை நடுப்பகுதியோடு பிணைக்கிறது. குறைந்தால் வால் அந்த இடத்தில் முறிந்துபோகும், நுண்ணோக்கியில் தலை தனி, வால் தனியாகத் தெரியும். ஆனால் தேவை மிகச் சிறியது. கிலோ உலர்தீவனத்துக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம். 1.4 கிலோ தின்னும் கிடாவுக்கு நாளைக்கு அரை மில்லிகிராம்கூட வேண்டாம். எடையில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் ஊசியில் போனாலே ஆட்டுக்கு நஞ்சு. கறிக்கடைத் தராசில் நிறுத்து வீட்டில் கலக்கும் பொருள் இல்லை இது.

பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷகர் பகுதிகளில் சில நிலங்களில் செலினியம் மிகுதியாகி மாடுகளுக்குக் குளம்பு கழன்று, மயிர் உதிர்ந்திருக்கிறது. மண்ணுக்கு மண் அவ்வளவு வேறுபாடு. ஊசியை மருத்துவர் எடை பார்த்துப் போடட்டும். ஐ.எஸ். தரப் பட்டியலில் செலினியம் இல்லாவிட்டாலும் சில தயாரிப்பாளர்கள் கலவையில் சேர்க்கிறார்கள். பையின் பின்புறத்தைப் படித்து, ஊசியும் பொடியும் ஒரே நேரத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெரம்பலூர்): பொடியா, நக்கும் கட்டியா, எது நல்லது?

பதில்: பொடி. கட்டியை ஒன்று நாளெல்லாம் நக்கும், இன்னொன்று திரும்பியும் பார்க்காது. அளவு நம் கையில் இல்லை. கட்டி வேண்டுமானால் கூடுதலாக இருக்கட்டும். பொடியைத் தீவனத்தின் மேல் தூவினால் தொட்டியின் அடியில் தங்கிவிடும். 2 கிலோ கலவையையும் 1 கிலோ உப்பையும் முதலில் 5 கிலோ தவிட்டில் பிசறி, அதை 20 கிலோவில் கலந்து, பிறகு மொத்தம் 100 கிலோவாக்குங்கள். அதில் இரண்டரைக் கிலோ தின்னும் காளைக்கு 50 கிராம் சரியாகப் போகும். ஈரம் பட்டால் அயோடின் பறந்துவிடும். பையை வாய் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். உள்ளே கட்டி கட்டிப்போன பழைய பையை விலை குறைவென்று வாங்காதீர்கள்.

கேள்வி (நாமக்கல்): நாட்டுக்கோழி முட்டையில் பாதி பொரிப்பதில்லை. சேவலுக்குத் தனியாகத் தாது உப்பு வேண்டுமா?

பதில்: முதலில் ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச்சு வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். நரம்பு ஓடாமல் தெளிவாக இருப்பவை மட்டுமே கரு கூடாதவை. ரத்த வளையம் தெரிந்தால் கரு கூடிச் செத்திருக்கிறது. அதற்கு முட்டையைச் சேமித்த விதத்தையும் அடைகாத்த சூட்டையும் கவனிக்க வேண்டும், சேவலை அல்ல. தெளிவு முட்டை அதிகமென்றால் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கிறதா, சேவலின் காலில் புண்ணோ ஆணியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

தீவனத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, முட்டைக்கோழித் தீவனத்தையே சேவலுக்கும் வைப்பது. அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதம். சேவலுக்கு 1 சதமே போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு குறைந்த தீவனத்தை வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிப் பெட்டியில் வைத்தால் பெட்டைகள் தேவைக்குத் தின்னும், சேவல் பெரும்பாலும் தொடாது. சேவலை மாற்றினால் உடனே முட்டையை எண்ணத் தொடங்காதீர்கள். பெட்டையின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். மூன்று வாரத்துக்குப் பின் இட்ட முட்டைகளை அடைவைத்துப் பார்த்தால்தான் புதுச் சேவலின் தரம் தெரியும்.